ஐந்து புள்ளி ஐந்து வரிசை: ஏஐயிடம் சிக்குக் கோலம் கேட்ட கதை

வேண்டியது இதுதான். மார்கழிக்கு, பெரியம்மா இதுவரை போடாத சிக்குக் கோலங்கள். நேர்புள்ளி, ஐந்துக்கு ஐந்து. இழை ஒன்றாகவே ஓடி முடிய வேண்டும், நுனி எங்கும் தொங்கக் கூடாது. கணினி யோசித்துத் தரும், பென் ப்ளாட்டர் என்ற கோடு வரையும் இயந்திரம் கறுப்பு சார்ட்டில் வெள்ளை ஜெல் பேனாவால் இழுக்கும், பிடித்ததைப் பெரியம்மா வாசலில் போடுவார். செலவு ப்ளாட்டருக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் வீட்டில் இருந்த கணினி, இலவச மென்பொருள், அக்கம்பக்கத்து வாசல்கள்.

படம் வரையும் ஏஐதான் இப்போது ஊரெல்லாம் பேச்சு என்பதால் முதலில் அதைத்தான் பிடித்தேன். என்னிடம் இருப்பது 12 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு. 2022-ல் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 என்ற படம் வரையும் மாடல் அதில் தாராளமாக ஓடும். மாடல் பழசுதான். ஆனால் உள்ளே புகுந்து பார்க்க அதுதான் வசதி, உதவிக் குறிப்புகளும் நிறையக் கிடைக்கும். அதனிடம் எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் கோலம் கேட்டால் மண்டலா வருகிறது. இன்னும் அழுத்திக் கேட்டால் வடநாட்டு ரங்கோலி: ரோஜா நிறம், மஞ்சள், நடுவில் அகல் விளக்கு. 'புள்ளி' என்றால் அலங்காரமாகப் பொட்டு வைக்கிறது. புள்ளியைச் சுற்றித்தான் கோடு போகும் என்ற சங்கதியே அதற்குத் தெரியாது.

ஆகவே லோரா பயிற்சி. மாடல் கற்றதைத் தாங்கும் எண்களான எடைகளைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் மெலிசாக இரண்டு எண் அணிகளைச் சேர்த்து அவற்றுக்கு மட்டும் பாடம் நடத்தும் முறை அது. 768-க்கு 768 அணி ஒன்றை முழுதாகப் பழக்கினால் 5,89,824 எண்களைத் திருத்த வேண்டும். லோராவில் தரம், அதாவது அந்த அணிகளின் அகலம், 16 என்று வைத்தால் 24,576 எண்கள் போதும். அதனால்தான் வீட்டுக் கணினியில் இதெல்லாம் நடக்கிறது. பாடத்துக்கான படங்களை எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் காலையில் எடுத்தேன், வீட்டுக்காரர்களிடம் கேட்டுத்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஓர் அம்மா மட்டும் "இருங்க தம்பி, அந்த மூலை சரியா வரல, திருத்திட்டு எடுங்க" என்றார். நூற்றுச் சொச்சம் படங்கள் தேறின. ஒவ்வொன்றுக்கும் புள்ளிக் கணக்கு, நேர்புள்ளியா ஊடுபுள்ளியா, எத்தனை இழை, பொடியா மாவா என்று குறிப்பு எழுதினேன். பயிற்சியைவிட இந்தக் குறிப்பெழுதும் வேலைதான் இடுப்பை ஒடித்தது.

பயிற்சி முடிந்து வந்த படங்களை முதல் பார்வையில் பார்த்தால் அசந்துவிடுவீர்கள். சாணி தெளித்த தரையின் பச்சை கலந்த பழுப்பு, நீர் காய்ந்தும் காயாமலும் இருக்கும் திட்டுகள், விரலிடுக்கில் விழுந்த பொடியின் ஓரத்தில் சிதறல், மேலே ஒரு படிக்கட்டின் விளிம்பு, ஒன்றில் கழற்றிப் போட்ட செருப்பின் பாதி. நான் கொடுத்த படங்களில் இருந்தவைதான் எல்லாம். போனில் சின்னதாகப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பெரிதாக்கினால்தான் வண்டவாளம். மேல் வரிசையில் ஐந்து புள்ளி, அடுத்ததில் ஆறு, கீழே நாலரை என்று சொல்லலாம், ஒரு புள்ளி பாதி கோட்டுக்குள் கரைந்திருக்கும். இழை ஒழுங்காக வளைந்து வந்து, இரண்டு வெட்டு வெட்டி, மூன்றாவது இடத்தில் இன்னொரு இழையோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். சில இடங்களில் கோடு நேராகப் புள்ளி மேலேயே ஏறும்.

கண்ணால் பார்த்து அலுத்ததால் ஒரு சரிபார்ப்பு நிரல் எழுதினேன். பைத்தான் மொழி, படங்களை அலசும் ஓப்பன்சிவி நூலகம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வட்டமான சிறு திட்டுகளைப் புள்ளி என்று தனியே எடுத்துவிட்டு, மீதிக் கோட்டை ஒரு பிக்சல் அகலத்துக்கு மெலிய வைக்கும். மெலிந்த கோட்டில் ஒரே ஒரு பக்கத்துத் துணை உள்ள பிக்சல் என்றால் அது நுனி. நுனி ஒன்று இருந்தாலும் கோலம் தள்ளுபடி. மூன்று கிளை பிரியும் இடம் சந்தேகக் கேஸ். நான்கு கிளை என்றால் வெட்டு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெலிய வைக்கும்போது நல்ல வெட்டுகூட மூன்று கிளை உள்ள ஒரு ஜோடிச் சந்திப்புகளாகப் பிரிந்துவிடும், நடுவில் சில பிக்சல் இடைவெளியோடு. அந்த ஜோடிகளைச் சேர்த்து ஒரே வெட்டாகக் கொள்ளும் வரை நிரல் நல்ல கோலங்களையும் தள்ளும். அதைச் சரி செய்து, தெருவில் எடுத்த நிஜப் படங்களைக் கொடுத்துச் சோதித்தேன். பொடி தெளிவாக விழுந்த கோலங்களெல்லாம் தேறின. அப்புறம் ஏஐ தந்தவற்றைக் கட்டுக்கட்டாக உள்ளே விட்டேன். தேறியவை, மூன்று புள்ளிக்குள் அடங்கும் குட்டிக் கோலங்கள். ஐந்துக்கு ஐந்தில் ஒன்றும் தேறவில்லை.

காரணம் என்ன என்பதற்கு ஒரு பாதி விடை இந்த மாடலின் அமைப்பில் இருக்கிறது. இது 512-க்கு 512 படத்தை நேரடியாக வரைவதில்லை. பக்கத்துக்கு எட்டு மடங்கு சுருக்கி 64-க்கு 64 கட்டத்தில் வேலை செய்து, கடைசியில் விரித்துத் தருகிறது. மெல்லிய கோடுகள் அந்தச் சுருக்கலில் அடிபடும். ஆனால் ஐந்து புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே அந்தச் சுருங்கிய கட்டத்திலேயே பத்து கட்டத்துக்கு மேல் இடம் இருக்கிறது. சுருக்கல் மட்டும் காரணம் என்றால் இந்த அளவில் பிழைத்திருக்க வேண்டும். சுருக்கலில் அதிகத் தகவலைத் தக்க வைக்கும் புது மாடல்களிலும் ஓட்டிப் பார்த்தேன். கோடு பளிச்சென்று சுத்தமாக வந்தது. மூடுவது மட்டும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதில் மாற்றமில்லை.

மீதி விடை என் அபிப்பிராயம். டிஃப்யூஷன் மாடல் முழுப் படத்தையும் ஒரே சமயத்தில் இரைச்சலிலிருந்து, அதாவது தாறுமாறான புள்ளிக் கலங்கலிலிருந்து, தெளிய வைக்கிறது. முதலில் இந்த வளைவு, பிறகு அந்த வெட்டு என்ற வரிசை அதில் கிடையாது. எந்தக் கணத்திலும் இழையின் மேல் யாரும் நடக்கவில்லை. ஒவ்வொரு மூலையும் தன் அளவில் கோலம் போலவே இருக்கிறது, ஏனென்றால் கோலத்தின் மூலை எப்படி இருக்கும் என்பதை அது நன்றாகவே கற்றிருக்கிறது. ஆனால் இழை மூடுகிறதா என்பது எந்த மூலையிலும் தெரியாது. கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் தெரியும். ஓவியம், புகைப்படம் போன்றவற்றில் இந்தக் குறை பெரும்பாலும் உறைக்காது. தாடி மயிர் எங்கே முடிகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. சிக்குக் கோலத்தில் தப்பிக்க வழியில்லை, ஒரு நுனி தொங்கினால் அது கோலமே இல்லை.

தாம்பரத்தின் வழி

சரி, படத்தை விட்டுவிட்டு இழையைப் பிடிப்போம் என்று திரும்பினேன். இந்த வழி புதிதில்லை. 1970-களிலேயே தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலத்தைக் கணினி அறிவியலின் மொழிக் கோட்பாட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டு, அதற்கு இலக்கணம் எழுதினார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல இரு பரிமாணப் படத்துக்கு விதிகள். அவர்களது ஆய்வுக் கட்டுரை 1974-ல் வந்தது. பிற்பாடு கம்பிக் கோலத்தை, அதாவது புள்ளியைச் சுற்றி இழை ஓடும் இந்த வகையை, கையின் அசைவுகளாகவே எழுதிப் பார்த்தார்கள்: கொஞ்சம் முன்னே போ, இப்பக்கம் வளை, முழுச் சுற்று சுற்று. கணினித் துறையில் உலகம் முழுவதும் கோலம் என்ற சொல் அப்படியே புழங்குவதற்கு அவர்கள்தான் காரணம். இதை நம் பள்ளிகளில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

விதி எளிது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும். இழைகள் அங்கே ஒன்றையொன்று வெட்டிக் கடக்கும். இல்லையென்றால் வெட்டாமல் அதது தன் புள்ளிப் பக்கமே விலகிப் போகும். நிரலில் முதலாவதை வெட்டு என்றும் இரண்டாவதை விலகல் என்றும் பெயர் வைத்தேன். ஓரப் புள்ளிகளின் வெளிப்பக்கம் எப்போதும் விலகல்தான். இப்படிப் பார்த்தால் நுனி என்ற பேச்சுக்கே இடமில்லை. எப்படிப் போட்டாலும் இழை மூடியே தீரும். எத்தனை இழை என்பதுதான் கேள்வி.

எல்லா இடத்திலும் வெட்டு போட்டால் இழைகளின் எண்ணிக்கை வரிசை, நெடுவரிசை இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி. 2-க்கு 3 என்றால் ஒரே இழை. 4-க்கு 6 என்றால் இரண்டு. 5-க்கு 5 என்றால் ஐந்து. மொசாம்பிக்கின் கணிதப் பேராசிரியர் பவுலஸ் கெர்டஸ் இதே கணக்கை அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் சோனா கோலங்களில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அங்கே வரைபவர்கள் ஆண்கள்.

ஐந்து இழையை ஒன்றாக்க எங்கே எதை மாற்றுவது? வெவ்வேறு இரண்டு இழைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டை விலகலாக்கினாலும் சரி, விலகலை வெட்டாக்கினாலும் சரி, இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே இழை தன்னைத்தானே சந்திக்கும் இடத்தில் கை வைத்தால் அது ஒன்றாகவே இருக்கலாம், இரண்டாகப் பிரியவும் செய்யலாம். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு கணினி இல்லாமலேயே ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றைக் கட்டலாம். கையில் பேனா இருந்தால் இப்போதே போட்டுப் பாருங்கள். 25 புள்ளி வையுங்கள். நட்டநடுப் புள்ளியைத் தனியே விடுங்கள். மேல் இரண்டு வரிசையில் இடப்பக்கம் மூன்று மூன்றாக ஆறு புள்ளி ஒரு செவ்வகம். வலது ஓரம் இரண்டு நெடுவரிசையில் மேலிருந்து மூன்று மூன்றாக ஆறு. கீழே வலப்பக்கம் ஆறு, இடது ஓரத்தில் கீழிருந்து ஆறு. நடுப்புள்ளியைச் சுற்றி நான்கு செவ்வகங்கள். ஒவ்வொரு செவ்வகத்துக்குள்ளும் எல்லாம் வெட்டு, 2-க்கு 3 என்பதால் ஒவ்வொன்றும் ஒரே இழை. செவ்வகங்களுக்கு இடையே விலகல். ஆக நான்கு இழை, நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம், மொத்தம் ஐந்து. இப்போது நடுப்புள்ளிக்கும் அதன் நான்கு அண்டைப் புள்ளிகளுக்கும் நடுவே மட்டும் வெட்டு போடுங்கள். ஒவ்வொரு வெட்டும் ஓர் இழையை நடு இழையோடு சேர்க்கும். நான்கு வெட்டு முடிந்தால் ஒரே இழை. பெரியம்மா இதைப் பார்த்ததும் "காத்தாடி மாதிரி சுத்துதே" என்றார்.

இது ஒன்று. மற்றவை? ஐந்துக்கு ஐந்தில் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே மொத்தம் 40 இடங்கள். ஒவ்வொன்றும் வெட்டு அல்லது விலகல். அப்படியானால் 2-ன் அடுக்கு 40, ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கோடிக்கு மேல். அதில் பெரும்பாலானவை கோணல்மாணல்கள். கால்வட்டம் திருப்பினாலும் அதே கோலமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டால் 40 இடங்களும் நான்கு நான்காக 10 கூட்டங்களாகிவிடும். 2-ன் அடுக்கு 10, அதாவது 1,024 கோலங்கள். கணினி கண் சிமிட்டுவதற்குள் அத்தனையையும் நடந்து பார்த்து, ஒற்றை இழைக் கோலங்களை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டது.

நிரலை முழுக்க நானே தட்டவில்லை. இழையின் மேல் நடந்து எண்ணும் பகுதியை உரையாடல் ஏஐ ஒன்றிடம் தமிழிலேயே விளக்கிக் கேட்டேன், எழுதிக் கொடுத்தது. ஓரங்களில் இருந்த ஒரு பிசகைத் திருத்தினால் போதுமாக இருந்தது. படத்தைக் கேட்டால் மூடாத கோலம் தருகிற கூட்டத்தைச் சேர்ந்ததுதான், மூடுகிறதா என்று பார்க்கும் நிரலை நிமிஷத்தில் எழுதித் தருகிறது. நிரல் என்பது வரிசை. ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவதில் அது கெட்டி.

பெரியம்மா கழித்துக் கட்டியவை

ஒற்றை இழைக் கோலங்களில் ஒரு கத்தையை அச்செடுத்துக் கூடத்தில் பரப்பி வைத்தேன். கணக்குப்படி எல்லாமே சரி, எல்லாமே ஒழுங்கான சுழற்சி. எதை எடுத்தாலும் நல்லதுதான் என்ற நினைப்பில் காபி போடப் போனேன். திரும்பி வருவதற்குள் பாதிக்கு மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அவர் பார்த்த விதம்தான் முக்கியம். யாரும் படத்தைப் பார்ப்பதுபோல் அவர் தாளைப் பார்க்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் பொடி பிடித்தாற்போல் சேர்ந்திருந்தன. தாளுக்கு ஒரு சாண் மேலே கை இழையோடு போனது. எங்கேயாவது நின்றால் அந்தத் தாள் கவிழ்ந்தது.

"இது என்ன பெரியம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"கண்ணுக்கு நல்லாருக்கு. கை போகாதுடா."

ஏன் போகாது என்று விடாமல் கேட்டேன். ஒரு கோலத்தில் இழை இடப்பக்கமாகவே மூன்று நான்கு சுழி தொடர்ந்து போகிறது, மணிக்கட்டு திருகிக்கொள்ளும், பொடி தடிமனாக விழும். குனிந்த வாக்கில் பின்னாலேயே நகர்ந்து போடுகிறவருக்கு இடமும் வலமும் மாறி மாறி வர வேண்டும். இன்னொன்றில் விலகல்கள் ஒரே வரியில் வந்து சுவர் எழுப்பினதுபோல் கோலத்தை வெட்டிப் போட்டிருந்தது. இழை ஒன்றுதான், ஆனால் பார்ப்பவருக்கு நான்கு துண்டாகத்தான் தெரியும் என்றார். மூன்றாவது ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. "இது நாளைக்கு நினைப்பிருக்காது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

இந்த நினைவு விஷயத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கால்வட்டம் திருப்பினால் மாறாத கோலத்தில் இழையும் ஒன்றே என்றால், அந்த இழை ஒரே துண்டு நான்கு தடவை திரும்ப வருவதுதான். வேறு விதமாக இருக்கவே முடியாது. நான் இதைத் தாளில் நிரூபித்து வைத்திருந்தேன். பெரியம்மா முதல் கோலத்திலேயே, "ஒரு கால் தெரிஞ்சா போதும், மீதி மூணு காலும் தானா வந்துடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். அவர் தள்ளியவற்றில் அந்த ஒரு காலே தலைவால் புரியாமல் நீளமாக இருந்தது.

அவர் சொன்னதையெல்லாம் மதிப்பெண்ணாக மாற்றி நிரலில் சேர்த்தேன். ஒரே பக்கம் தொடரும் சுழிகளுக்குக் கழிவு, நேர்வரி விலகல்களுக்குக் கழிவு, இடவலம் மாறுவதற்குக் கூட்டல். மறு பட்டியல் கணிசமாக மேம்பட்டது, கவிழ்ந்த தாள்கள் குறைந்தன. நிரல் பெரியம்மாவைக் கற்றுக்கொண்டது என்று கூடச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் அவர் பேனாவை வாங்கி, முதலிடம் பெற்ற கோலத்தின் நடுப்புள்ளியை அடித்தார்.

"இது எதுக்கு இங்க? பூசணிப்பூ எங்க வைக்கறது?"

மார்கழியில் சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகிக் கோலத்தின் நடுவில் வைப்பது அவர் வழக்கம். அதற்கு வெற்றிடம் வேண்டும். நடுப்புள்ளியை எடுத்தால் என் ஒற்றை இழை விதியே ஆட்டம் காணும். சிறியதில் பாருங்கள்: 3-க்கு 3-ல் நடுவை எடுத்துவிட்டு மீதி எட்டுப் புள்ளியை வளையமாகக் கோத்தால், ஒவ்வொரு வெட்டிலும் இழை வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கத்துக்கும் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கும் மாறும். எட்டு இரட்டைப்படை. ஒரு சுற்று முடியும்போது கிளம்பிய பக்கத்துக்கே வந்துவிடும். ஆகவே இழை இரண்டு. இதை அவரிடம் சொன்னேன்.

"ரெண்டுன்னா ரெண்டு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செம்மண்."

மறுநாள் வாசலில் அப்படித்தான் இருந்தது. நடுவில் மஞ்சள் பூ. என் நிரலின் பட்டியலில் அது எந்த இடத்திலும் கிடையாது, ஒற்றை இழை இல்லை என்று முதல் வடிகட்டியிலேயே விழுந்துவிட்ட வகை. ஒற்றை இழை என்ற விதியை வைத்தது நான். கோலத்துக்கு அது கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை, பல இழைக் கோலங்கள் காலங்காலமாகப் போடப்படுகின்றன. எந்த விதியை எப்போது தூக்கிப் போடலாம் என்பதை 1,024-லிருந்து பொறுக்குகிற நிரலுக்கு நான் எங்கே எழுதுவது? பூவை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம், சேர்த்தும்விட்டேன். அடுத்து அவர் கேட்கப் போவது பூவாக இருக்காது.

ஹரால்ட் கோஹன் என்ற ஓவியரின் ஞாபகம் வந்தது. 1966 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் படம் வைத்தவர், பெயர் பெற்ற ஓவியராக இருக்கும்போதே அமெரிக்கா போய் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஆரன் என்ற நிரலை 2016-ல் இறக்கும் வரை மாற்றி மாற்றி எழுதினார். இணையத்துப் படங்களை விழுங்கிக் கற்ற மாடல் இல்லை அது. ஓர் ஓவியன் கை எப்படி வேலை செய்கிறது, மூடிய வடிவம் என்றால் என்ன, எது முன்னே எது பின்னே என்று தனக்குத் தெரிந்ததை விதி விதியாக எழுதி வைத்தார். ஆரன் கோடு போடும், அவர் கையால் வண்ணம் தீட்டுவார். பிறகு 1990-களில் வண்ணத்தையும் அதற்கே கற்றுக் கொடுத்தார். கடைசிக் காலத்தில் திரும்பவும் வண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு, தொடுதிரையில் விரலால் தீட்டினார். ஏஐ ஓவியம் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இயந்திரம் மனிதனை மிஞ்சுமா என்று ஒரே பல்லவியாக இருக்கிறது. ஒரே ஆள் நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கைமாற்றிக்கொண்டே இருந்ததை யாரும் எடுப்பதில்லை. ப்ளாட்டர் கட்டுகிறவர்களுக்கு அவர்தான் குலசாமி. 2024-ல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் ஆரனை மறுபடி ஓட்டி, ப்ளாட்டர்களில் நேரடியாக வரைய வைத்தது.

ப்ளாட்டர்

சுருக்கமாக. ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, அதன் மேல் செருகும் சிஎன்சி ஷீல்டு, மோட்டாரை இயக்கும் ஏ4988 டிரைவர் இரண்டு, நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார் இரண்டு, பேனாவை ஏற்றி இறக்கச் சின்ன சர்வோ, ஜிடி2 பெல்ட். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைப்பவை. பலகையில் ஓடி மோட்டார்களை நகர்த்தும் மென்பொருள் ஜிஆர்பிஎல், சர்வோவுக்கு ஏற்ற வடிவம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுத்து வைக்கும், ஒவ்வொன்றையும் 16 நுண் ஸ்டெப்பாகப் பிரித்தால் 3,200. இருபது பல் கப்பி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. பெல்ட்டை இழுக்கும். ஆக மி.மீ.க்கு 80 நுண் ஸ்டெப். இந்த எண்ணைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அப்புறம் 100 மி.மீ. கோடு ஒன்று இழுத்து அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

ஏஐ படத்துக்கும் விதி வழி வந்த கோலத்துக்கும் உள்ள வேறுபாட்டை ப்ளாட்டர் அளவுக்கு வேறு எதுவும் பச்சையாகக் காட்டாது. ஏஐ படத்தைக் கோடாக மாற்ற வழக்கமான மென்பொருளில் போட்டால், அது இழையின் இரண்டு கரைகளையும் தனித்தனியே வரைகிறது. அதற்குத் தெரிந்தது வெள்ளைத் திட்டு மட்டுமே. மெலிய வைத்து நடுக்கோடு எடுத்தாலும் பேனா ஏறுவதும் இறங்குவதுமாகக் கோழி கொத்தின சத்தம். விதி வழி வந்த கோலத்தின் கோப்பில் பேனாவை இறக்கு என்று ஒரே ஒரு வரி, ஏற்று என்று கடைசியில் ஒரு வரி. நடுவில் அத்தனையும் ஒரே ஓட்டம். தொடங்கி முடியும் இடத்தில் மட்டும் மை லேசாகத் திரளும். அதை ஒரு வெட்டின் மேல் வரும்படி நகர்த்தி வைத்தால் தெரியாது. வளைவுகளைச் சிறு சிறு நேர்கோடாக வெட்டிக் கொடுத்தால் மூலைக்கு மூலை வேகம் குறைந்து கோடு தடிக்கும். வளைவை வளைவாகவே வரையச் சொல்லும் வில் கட்டளைகளாகக் கொடுங்கள்.

ஏஐ மாடலை அப்படியே மூலையில் போட்டுவிடவில்லை. கன்ட்ரோல்நெட் என்று ஒன்று 2023-லிருந்து இருக்கிறது, நாம் கொடுக்கும் கோட்டை எலும்பாக வைத்துக்கொண்டு மேலே சதையைப் போர்த்தித் தரும். விதி வழி வந்த கோலத்தை எலும்பாகக் கொடுத்து, லோராவோடு ஓட்டினால், ஈரத் தரையில் சரியாக மூடிய கோலம் வருகிறது. குடும்ப வாட்சாப் குழுவுக்கு மார்கழி வாழ்த்து அனுப்ப இதுதான் எடுபட்டது. தரையும் பொடியும் அதன் பலம், இழை என் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. அதில் ஒன்றை, மாக்கோலம் போல வந்திருந்ததை, பெரியம்மாவிடம் காட்டினேன். நிஜப் படம் என்றுதான் கொடுத்தேன்.

"தரை சொதசொதன்னு இருக்கு, மாவு மட்டும் எப்படி இப்படி வெளுத்துது? மாக்கோலம் காஞ்சாத்தானே வெளுக்கும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கோலங்கள் யாருடையவை என்று அண்ணன் மகள் கேட்டாள். அவள் சட்டம் படிக்கிறாள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு படக்கதை விஷயத்தில், ஏஐ உருவாக்கிய தனிப் படங்களுக்கு உரிமை கிடையாது, எழுத்துக்கும் படங்களைத் தேர்ந்து அடுக்கியதற்கும் உண்டு என்று முடிவு சொன்னது. அதன்படி பார்த்தால் கவிழ்த்து வைத்ததற்காகப் பெரியம்மாவுக்குத்தான் பங்கு வர வேண்டும். பெரியம்மா இதைக் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை. கோலம் ஒருவர் வாசலிலிருந்து இன்னொருவர் வாசலுக்குப் போகும், நோட்டில் ஏறும், பத்திரிகை இலவச இணைப்பில் வரும், யாரும் பெயர் போட்டதில்லை. ஆனால் எடுத்துக்கொண்டவர் தன் கையால் ஒரு தடவை போட்டுத்தான் எடுத்துக்கொண்டார். என் லோரா அந்தப் பாதியைச் செய்யாமல் எடுத்துக்கொண்டது என்பதால், தெருவில் எடுத்த படங்களில் பழகிய அந்தக் கோப்பை வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். விதி நிரல் யாருக்கு வேண்டுமானாலும் உண்டு. மேலே எழுதியதை வைத்து நீங்களே ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

பாக்கி வேலை இரண்டு. ஊடுபுள்ளியில் உள்ளே இருக்கும் புள்ளிக்கு ஆறு அண்டைகள், கால்வட்டம் அங்கே செல்லாது, 60 பாகைச் சுழற்சிக்கு நிரலைத் திருத்த வேண்டும். இன்னொன்று பொங்கலுக்கான 15 புள்ளிக் கோலம். அதில் போட்ட இழையை மிதிக்காமல் நகர்ந்துகொண்டே போய்த் தெருப் பக்கம் முடிக்கும்படி, எங்கே தொடங்கி எந்தத் திசையில் போவது என்றும் சொல்லச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா. இது சீக்கிரம் முடிந்துவிடும், முதலில் இதைத்தான் எடுக்கிறேன். ஊடுபுள்ளி தை பிறந்த பிறகு.